46 எப்படி 46 ஆகவே இருக்கிறது? செல் பிரியும்போது குரோமோசோம்கள் பங்கு போகும் விதம்

மலேசியாவின் கெடாவில் இருக்கும் எங்கள் பாடாங் செராயில் ஒட்டுக்கடை மேசையில் யாருக்கோ புற்றுநோய் என்று பேச்சு வந்தால் போதும், "செல்லு பிரிஞ்சுக்கிட்டே போகுது, அதான் வியாதி" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். படிவம் 4-இல் உயிரியல் எடுத்த பிள்ளைகளைக் கேட்டால், "மனுசனுக்கு 46 குரோமோசோம், செல் ரெண்டாகும்போது ஆளுக்கு 23-ன்னு போயிடும்" என்பார்கள். இரண்டுமே தவறு. செல் பிரிவது வியாதி இல்லை. நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்கும் நேரத்தில் உங்கள் எலும்பு மஜ்ஜையில் லட்சக்கணக்கான செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, அது நின்றால்தான் ஆபத்து. அப்புறம், 46 என்பது 23, 23 ஆகப் போனால் அடுத்த முறை பதினொன்றரை ஆகவேண்டும், அதற்கடுத்த முறை ஆறுக்கும் கீழே போகும். அப்படி எதுவும் நடப்பதில்லை. 46 உள்ள ஒரு செல் பிரிந்தால் 46 உள்ள இரண்டு செல்கள் கிடைக்கின்றன. சாகும்வரை, கோடானுகோடி முறை.

இந்தப் பிரிவுக்குப் பெயர் மைட்டோசிஸ். இதை எல்லாரும் நான்கு படங்களாக மனப்பாடம் செய்கிறோம், ஆனால் உள்ளே இருக்கும் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. செல்லுக்குக் கண் கிடையாது, எண்ணத் தெரியாது. எந்தக் குரோமோசோம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பார்த்துச் சொல்ல உள்ளே ஒரு மண்டோர் நிற்பதும் இல்லை. பிறகு எப்படி ஒன்றுகூடக் குறையாமல், ஒன்றுகூட மிகாமல் இரண்டு பக்கமும் சரியாகப் போகிறது?

குரோமோசோம் என்பது என்ன

டிஎன்ஏ என்பது ஒரு நீளமான இழை. உடம்பை உருவாக்கவும் நடத்தவும் வேண்டிய குறிப்புகள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒரு மனிதச் செல்லில் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும், நம்மில் யாரைவிடவும் உயரம். அது செல்லின் நடுவிலுள்ள உட்கரு என்ற சிறு பைக்குள், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அடங்கிக் கிடக்கிறது. அந்த இழை ஒரே துண்டாக இல்லை, 46 துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும், அது சுற்றியிருக்கும் புரதங்களோடு சேர்ந்து, ஒரு குரோமோசோம்.

46-இல் 23 அம்மாவிடமிருந்து வந்தவை, 23 அப்பாவிடமிருந்து வந்தவை. பிள்ளைகள் குழம்பும் முதல் இடம் இதுதான். விந்தும் முட்டையும் உருவாகும்போது நடப்பது மையோசிஸ் என்ற வேறொரு பிரிவு, அதில்தான் எண்ணிக்கை பாதியாகிறது. மைட்டோசிஸில் அம்மாவின் குரோமோசோமும் அப்பாவின் குரோமோசோமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. 46-உம் தனித்தனி ஆட்கள்.

இந்த 46 என்ற எண்ணே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. 1950-கள் வரை பாடநூல்களில் 48 என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ என்பவர் எண்ணிப் பார்த்து 46 என்று கண்டார். ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956-இல் வெளியிட்டார். ஜியோ பிறந்தது நமக்குப் பக்கத்தில், ஜாவாவில். எண்ணிக்கை மனிதனுக்கு மட்டும் உரியதல்ல: பால் மரத்துக்கு, அதாவது ரப்பருக்கு 36, செம்பனைக்கு 32. எண்ணிக்கை கூடினால் அறிவு கூடும் என்று யாராவது சொன்னால் உருளைக்கிழங்கைக் காட்டுங்கள், அதற்கு 48.

நகல் எடுப்பது முன்கூட்டியே முடிந்துவிடும்

மைட்டோசிஸ் நடக்கும்போது டிஎன்ஏ இரட்டிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. செல் பிரியப் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே, வெளியிலிருந்து பார்த்தால் சும்மா இருப்பதுபோல் தெரியும் காலத்தில், ஒவ்வொரு குரோமோசோமும் முழுதாக நகல் எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனிதச் செல்லுக்கு ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது என்றால், அதில் மைட்டோசிஸுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் ஆகும்.

நகல் எடுத்ததும் அசலும் நகலும் பிரிந்து ஓடிவிடுவதில்லை. கொஹெசின் என்ற வளையப் புரதம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இப்படி ஒட்டியிருக்கும் இரண்டில் ஒவ்வொன்றுக்கும் குரோமாட்டிட் என்று பெயர், சேர்த்துச் சொன்னால் சகோதரிக் குரோமாட்டிட்கள். அசல் எது, நகல் எது என்று பிரித்துச் சொல்வதில் பயனில்லை, இரண்டும் ஒன்றேதான்.

எல்லாப் புத்தகத்திலும் வரும் எக்ஸ் வடிவப் படம் இந்த ஒட்டிய ஜோடியின் படம். எப்போதும் குரோமோசோம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற நேரத்தில் அது உட்கருவுக்குள் மெல்லிய இழையாகத் தளர்ந்து கிடக்கும். மைட்டோசிஸின் தொடக்கத்தில்தான் நன்றாகச் சுருண்டு, தடித்து, நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு வருகிறது. சுருளாமல் 2 மீட்டர் இழையைப் பங்கு போட்டால் சிக்கலும் அறுபடலும்தான் மிஞ்சும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: பிரிவுக்கு முன் 46 குரோமோசோமும் நகலாகி 46 ஜோடிகளாக, ஜோடிக்குள் ஒட்டியபடி நிற்கின்றன. மொத்தம் 92 குரோமாட்டிட்கள். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போகவேண்டும்.

இருட்டில் ஒரு கயிறு இழுக்கும் போட்டி

தோட்டத்துப் பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இப்போது அதைக் கொஞ்சம் மாற்றி நினைத்துப் பாருங்கள். பள்ளித் திடலில் 46 கயிறுகள் கிடக்கின்றன. ஒவ்வொரு கயிறும் உண்மையில் ஒரே மாதிரியான இரண்டு கயிறுகளை நடுவில் முடிச்சுப் போட்டுச் சேர்த்தது. திடலின் இரு முனையிலும் ஆட்கள் நிற்கிறார்கள். விளக்கு இல்லை, கும்மிருட்டு. யாருக்கும் எந்தக் கயிறு எது என்று தெரியாது, எத்தனை கயிறு என்றும் தெரியாது. கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு முனை மட்டும் பிடித்திருந்தால் கயிறு எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்துவிடும். முடிச்சின் இரண்டு வால்களையும் ஒரே பக்கத்து ஆட்கள் பிடித்திருந்தாலும் அதே கதைதான். இறுக்கம் இல்லாத கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மறுபடி துழாவவேண்டும் என்பது விதி. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் மற்ற வாலைப் பிடித்து இழுக்கும்போது மட்டும் கயிறு விறைத்து நிற்கும். அப்போது விடாமல் பிடித்துக்கொள்ளலாம். 46 கயிறும் விறைத்த பிறகு எல்லா முடிச்சையும் ஒரே நேரத்தில் வெட்டினால்? இரண்டு பக்கமும் 46, 46. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று. யாரும் எண்ணவில்லை, யாரும் பார்க்கவில்லை, பங்கு மட்டும் சரியாக விழுந்துவிட்டது.

முடிச்சு இல்லாவிட்டால் இந்த வித்தை நடக்காது என்பதைக் கவனியுங்கள். தனித்தனியாக 92 கயிறு கிடந்தால், இருட்டில் நீங்கள் பிடித்தது ஏற்கெனவே உங்கள் பக்கம் வந்த கயிற்றின் ஜோடியா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிரிப்பதற்காகத்தான் முதலில் கட்டிவைக்கிறார்கள்.

செல்லுக்குள் இருக்கும் இழைகள்

சரி, திடலை விட்டுவிடுவோம். செல்லில் இழுப்பவை நுண்குழல்கள் என்ற மெல்லிய குழாய்கள். டியூபுலின் என்ற சின்னப் புரதம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ந்து இந்தக் குழல் உருவாகிறது. செல்லின் இரண்டு துருவங்களிலிருந்தும் இவை வளர்ந்து நடுவை நோக்கி நீளும்போது, இரு முனை கூர்ந்து நடுவில் அகன்ற ஒரு கூடு போலத் தெரியும். அதுதான் கதிர்க்கோல், பள்ளியில் மலாயில் கெலெண்டோங் என்று படிப்பது. விலங்குச் செல்லில் துருவத்தில் சென்ட்ரோசோம் என்ற மையம் இருந்து குழல்களைக் கிளப்பிவிடுகிறது. ரப்பர், செம்பனை போன்ற மரங்களில் அது கிடையாது, ஆனாலும் கதிர்க்கோல் உருவாகிவிடுகிறது.

குழல்கள் குரோமோசோம் இருக்கும் இடம் தெரிந்து நேராகப் போவதில்லை. 1984-இல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் ஒரு விநோதமான விஷயத்தைக் காட்டினார்கள். ஒரே கரைசலில், ஒரே நேரத்தில், சில குழல்கள் மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும், சில திடீரென்று நுனியிலிருந்து சரிந்து குட்டையாகிவிடும். வளர்வதும் இடிவதுமாக ஓயாமல் நடக்கிறது. வீண் வேலைபோலத் தோன்றும், ஆனால் இருட்டில் துழாவுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை: எல்லாத் திசையிலும் நீள், ஒன்றும் அகப்படாவிட்டால் சுருங்கு, வேறு திசையில் மறுபடி நீள். அதற்குள் உட்கருவின் உறை கலைந்துபோயிருக்கும் என்பதால் குரோமோசோம்கள் குழல்களுக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன.

அகப்பட வேண்டிய இடமும் குறிப்பானது. ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்ற ஒடுங்கிய பகுதி உண்டு, எக்ஸ் படத்தில் இரண்டும் சேரும் இடம். அங்கே ஒவ்வொரு குரோமாட்டிட்டின் மேலும் கைனட்டோகோர் என்ற புரதக் கொக்கி அமைகிறது. சகோதரிகளின் இரண்டு கொக்கிகளும் முதுகோடு முதுகாக எதிரெதிர்த் திசையைப் பார்த்து நிற்பதால், ஒன்றை இந்தத் துருவமும் மற்றதை அந்தத் துருவமும் பிடிக்க வாய்ப்பு அதிகம். அதிகம்தான், உறுதி இல்லை. தவறான பிடிகள் வழக்கமாகவே விழுகின்றன.

இறுக்கம்தான் செய்தி

எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி இது, பள்ளியில் இதைத்தான் தொடாமல் போய்விடுகிறார்கள்.

தவறான பிடியைச் செல் எப்படித் தெரிந்துகொள்கிறது? அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து புரூஸ் நிக்லஸ் என்பவர் வெட்டுக்கிளியின் விந்தை உருவாக்கும் செல்களை எடுத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் செல்லுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் குரோமோசோமைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தவறாகப் பிணைந்த குரோமோசோம் சாதாரணமாகத் தானே கழன்றுவிடும். அவர் ஊசியால் எதிர்ப்பக்கம் இழுத்து விறைப்பாக வைத்தபோது, அந்தத் தவறான பிணைப்பே கழலாமல் நிலைத்துவிட்டது. 1969-இல் வெளிவந்த சோதனை இது. ஆக செல் பார்ப்பது பிடி சரியா தவறா என்பதை அல்ல, விறைத்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்.

1995-இல் அவரும் ஷியாவோட்டாங் லீயும் கும்பிடு பூச்சியிடம் போனார்கள். அந்தப் பூச்சியின் விந்தை உருவாக்கும் செல்களில் சில நேரம், ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடைய எக்ஸ் என்ற குரோமோசோம் ஒன்று ஜோடி சேராமல், ஒரு பக்கத்தோடு மட்டும் பிணைந்து தொங்கும். அந்த ஒன்றுக்காகச் செல் முழுவதும் மணிக்கணக்கில் பிரியாமல் காத்து நிற்கும். ஊசியால் அந்த ஒற்றை எக்ஸை மறுபக்கமிருந்து இழுப்பதுபோல் இழுத்துக்கொடுத்தார்கள். அவ்வளவுதான், செல் ஏமாந்து பிரியத் தொடங்கியது. இவை விந்து உருவாகும் பிரிவில் செய்த சோதனைகள் என்றாலும் அதே விதிதான் மைட்டோசிஸிலும் வேலை செய்கிறது.

காத்திருப்பதற்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. எந்தக் குழலும் பிடிக்காத கைனட்டோகோர் ஒவ்வொன்றும் "பொறு" என்ற வேதிச் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிடி விழுந்ததும் அது அடங்கும். 92-இல் 91 அடங்கி ஒன்று மட்டும் சத்தம் போட்டாலும் செல் நகராது. விறைப்பு இல்லாத பிடி தானாகக் கழல்வதால் அதுவும் மறுபடி இந்தச் சத்தக்காரர்களோடு சேர்ந்துவிடும். இதற்குச் சரிபார்ப்புப் புள்ளி என்று பெயர்.

எல்லாம் விறைத்துவிட்டால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகி, ஜோடிகள் செல்லின் நடுக்கோட்டில் வந்து நிற்கும். பாடநூலின் மெட்டாஃபேஸ் படம் இதுதான். அமைதியாக வரிசையில் நிற்பதுபோல் வரைந்திருப்பார்கள், ஆனால் உயிருள்ள செல்லின் காணொளியைப் பார்த்தால் ஒவ்வொன்றும் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருக்கும்.

சுருக்கமாக: குழல்கள் கண்மூடித்தனமாகத் துழாவுகின்றன, விறைத்த பிடி நிலைக்கிறது, விறைக்காத பிடி கழல்கிறது, கடைசி ஆள் வரும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

வெட்டும் அதற்குப் பிறகும்

கடைசி "பொறு" அடங்கியதும் செப்பரேஸ் என்ற புரதம் விடுவிக்கப்படுகிறது. அது கொஹெசின் வளையத்தை வெட்டுகிறது. எல்லா ஜோடியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிரிந்து துருவங்களை நோக்கி நகர்கின்றன, இது அனாஃபேஸ். வேகம் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் போல, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கயிறு இழுப்பவர்கள்போல யாரோ கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதாக நினைக்கவேண்டாம். குழலின் நுனி இடிந்து குட்டையாகிக்கொண்டே போகிறது, கைனட்டோகோர் அந்த இடியும் நுனியை விடாமல் பற்றிக்கொண்டு கூடவே போகிறது.

மிச்சம் சுலபம். இரண்டு பக்கமும் புதிய உறை எழும்பி இரண்டு உட்கருக்கள் ஆகும், குரோமோசோம்கள் தளரும், அது டெலோஃபேஸ். விலங்குச் செல் நடுவில் இறுகி இரண்டாகும். தாவரச் செல்லுக்கு வெளிச்சுவர் கெட்டி என்பதால் நடுவில் புதுச் சுவர் எழுப்பிக்கொள்ளும்.

வாசலில் பூக்கும் இரண்டு நஞ்சுகள்

குழல்கள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நித்தியகல்யாணி, கோயிலோரத்திலும் லயன் வீட்டு முன்னாலும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்குமே, அதிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்து. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள். அது டியூபுலினைப் பிடித்துக்கொள்வதால் குழல் கட்ட முடியாது, கதிர்க்கோல் அமையாது, "பொறு" சத்தம் அடங்காது. செல் பாதி வழியில் மாட்டிக்கொண்டு பெரும்பாலும் செத்துப்போகும். அடிக்கடி பிரியும் செல்களுக்குத்தான் அடி பலமாக விழும் என்பதால் புற்றுச் செல்லோடு முடி வேர்ச் செல்லும் சேர்ந்து அடிவாங்கும், முடி கொட்டும். கைகால் மரத்துப்போவதற்கும் காரணம் உண்டு: நரம்புகள் தங்கள் நீண்ட கிளைக்குள் சரக்கு அனுப்ப இதே குழல்களைத்தான் பயன்படுத்துகின்றன. சர்க்கரைக்கு நல்லது என்று இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று செங்காந்தள். அதன் கிழங்கிலுள்ள கால்சிசினும் குழல்களைக் குலைக்கும் நஞ்சுதான், தின்றால் உயிர் போகும். ஜியோ 46-ஐ எண்ணியதற்கு உதவியதும் இதே கால்சிசின். செல்களைப் பிரிய விடாமல், குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டிருக்கும் கட்டத்தில் நிறுத்திவைத்தால் எண்ணுவது எளிதாகிவிடுகிறது.

பங்கு தவறினால்

தவறுவது உண்டு. ஒரு செல்லுக்கு 47, மற்றதற்கு 45 என்று போனால் பெரும்பாலும் அந்தச் செல்களே செத்துவிடும் அல்லது பிரிவதை நிறுத்திவிடும். புற்றுநோய்க் கட்டிகளில் மட்டும் இப்படி எண்ணிக்கை குலைந்த செல்கள் சர்வ சாதாரணம். ஜெர்மனியின் தியோடர் போவேரி 1914-இலேயே, கடல்முள்ளெலியின் முட்டைகளில் தாறுமாறான பிரிவுகளைப் பார்த்த அனுபவத்தை வைத்து, புற்றுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். ஆக ஒட்டுக்கடையில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: பிரிவது நோய் இல்லை, கட்டுப்பாடு இல்லாமலும் பங்கு பிசகியும் பிரிந்துகொண்டே போவது நோய்.

டவுன் சிண்ட்ரோமையும் பலர் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். 21-ஆவது குரோமோசோம் மூன்று இருப்பதால் வருவது அது. அந்தப் பிசகு பெரும்பாலும் கரு உண்டாவதற்கு முன்பே, முட்டையோ விந்தோ உருவாகும் மையோசிஸில் நடந்து முடிந்துவிட்டது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. மைட்டோசிஸ் பிசகால் வருவது மிகச் சிலருக்கு மட்டும், அவர்கள் உடம்பில் சில செல்களில் 46-உம் சில செல்களில் 47-உம் கலந்திருக்கும். கிரகணத்தன்று வெளியே போனதற்கும், பப்பாளி சாப்பிட்டதற்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. அந்தத் தாய்மாரைக் குத்திக்காட்டுவதை நாம் எப்போதோ நிறுத்தியிருக்கவேண்டும்.

ஒரே மரத்தின் தோட்டம்

மைட்டோசிஸ் எவ்வளவு நம்பகமானது என்று பார்க்க வேண்டுமானால் ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆர்ஆர்ஐஎம் 600 என்று பழைய பால்வெட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ரப்பர் வகை இருக்கிறது. விதையிலிருந்து முளைத்த கன்றில் ஒரு மொட்டை ஒட்டுக் கட்டி வளர்க்கும் மரம் அது. ஒவ்வொரு மரத்திலும் ஒட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் ஒரே தாய்மரத்திலிருந்து மொட்டு மொட்டாக, மைட்டோசிஸால் மட்டுமே பெருகியவை. எத்தனை தோட்டத்தில் எத்தனை ஏக்கரில் நின்றாலும் மரபுக் குறிப்பால் அது ஒரே மரம், எங்கே எண்ணினாலும் 36.

செம்பனையை அப்படி ஒட்டுக் கட்ட முடியாது, ஆகவே திசு வளர்ப்பால் நகல் கன்றுகள் உருவாக்கினார்கள். நல்ல மரத்தின் நகல்தானே என்று நட்டால், 1980-களில் சில கன்றுகள் வளர்ந்து கோணல் பழங்களைத் தள்ளின, எண்ணெய் தேறவில்லை. நல்ல பழம் தந்த தாய்மரத்தின் டிஎன்ஏ எழுத்துகள்தான் இவற்றிலும் இருந்தன. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2015-இல் காரணத்தைச் சொன்னது: டிஎன்ஏவின் ஓரிடத்தில், எழுத்துகளின் மேல் ஒட்டியிருக்கவேண்டிய மெத்தில் என்ற வேதிக் குறிகள் திசு வளர்ப்பின்போது உதிர்ந்துபோயிருந்தன. இப்போது காய்க்கும்வரை காத்திருக்காமல் கன்றின் இலையைச் சோதித்தே அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துவிடலாம். குரோமோசோம்களைப் பங்கு போட்டதில் அங்கே பிசகே இல்லை.